ஆசிட் எந்த வழியா வருது

தோரோமா,
9 பிப்ரவரி 1998

அமுகே அப்பாவுக்கு,

நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்கறதுக்காக இதை எழுதலை. வண்டிக்காக, நீங்க விட்டுட்டுப் போன மோட்டார் சைக்கிளுக்காக எழுதறேன்.

என் பாவாடையில ஓட்டை விழுது. முதல்ல எலின்னு நினைச்சேன். துணியெல்லாம் உத்தரத்துல தொங்கவிட்டேன், அப்பவும் விழுந்துச்சு. அப்புறம் சோப்பு மேல சந்தேகம் வந்து அதை மாத்தினேன். கடைசியில அமுகே கத்தரிக்கோலை வச்சு விளையாடறாளோன்னு அவளை ஒரு அதட்டு அதட்டினேன். பாவம், அவ ரெண்டு நாள் என்னோட பேசலை. நேத்து மூணு பாவாடையையும் வரிசையா விரிச்சுப் பார்த்தேன். எல்லா ஓட்டையும் வலது பக்கம்தான், தொடைக்குக் கொஞ்சம் கீழே. வண்டியில உட்கார்ந்தா எந்த இடம் சீட்டுக்குக் கீழே உரசுமோ அந்த இடம்.

உடனே போய் சீட்டுக்குக் கீழே பார்த்தேன். பேட்டரி இருக்கற தட்டைச் சுத்தி பெயின்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பியிருக்கு. விரல் வச்சா உதிருது. செயின் ஒரு பக்கம் சிவந்துபோச்சு, சைலன்சர்ல வெள்ளையா கோடு இறங்கியிருக்கு. போன மாசம் வரைக்கும் இப்படி இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன், நான் குனிஞ்சு பார்த்ததே இல்லை.

நீங்க இப்போ எம்பாலேயில கராஜ்ல இருக்கீங்கன்னு உங்க தங்கச்சி சொன்னா. இது என்னன்னு சொல்லுங்க. மழை விழறதுக்குள்ளே உழவு மாட்டுக்கெல்லாம் ஊசி போட்டு முடிக்கணும். வண்டி நின்னுபோச்சுன்னா என் ஏரியாவை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னு ஆபீசர் இப்பவே சொல்லிட்டார். அந்த வேலை போச்சுன்னா நானும் அமுகேயும் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை.

மத்தபடி உங்ககிட்ட கேட்க ஒண்ணுமில்லை. வண்டியை விட்டுட்டுப் போனீங்க, பானையிலேருந்து அஜோன் கள்ளு உறிஞ்சற நீளக் குழாயை மட்டும் மறக்காம எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க. அதை வைக்கற மூங்கில் பெட்டி சுவத்துல காலியாத் தொங்குது. எம்பாலேயில சுத்தி உட்கார்ந்து குடிக்க நல்ல கள்ளுப் பானையாப் பார்த்திருப்பீங்க.

அசெகென்யே


எம்பாலே,
17 பிப்ரவரி 1998

அமுகே அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கராஜ்ல வச்சே படிச்சேன். முதல் வரியைப் படிச்சதும் மடிச்சுப் பையில வைக்கலாம்னு தோணுச்சு. பாவாடை ஓட்டைன்னு கண்ணுல பட்டதும் உட்கார்ந்துட்டேன். மூணு பாவாடையை விரிச்சு வச்சு கண்டுபிடிச்சியே, அதைக் கராஜ் முதலாளி வன்டெராவுக்கும் படிச்சுக் காட்டினேன். "உன் பொண்டாட்டியை இங்கே வரச்சொல்லு, உன்னை வீட்டுக்கு அனுப்பிடலாம்"ன்னார்.

அது எலியும் இல்லை, சோப்பும் இல்லை. பேட்டரி ஆசிட். பாவாடையைத் தின்னது மாதிரியே இரும்பையும் தின்னும், ஆனா இரும்பை மெதுவாத் தின்னும். பெயின்ட்டுக்குக் கீழே போய் ஒளிஞ்சுக்கும். அமுகேகிட்ட நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லு. கேட்க வேண்டியது நீதான், ஆனாலும் சொல்லு.

இப்போ முதல் வேலை, பேட்டரியைக் கழட்டு. மைனஸ் வயரை முதல்ல கழட்டணும், அப்புறம்தான் பிளஸ். கண்ணுக்கு ஏதாவது போட்டுக்கோ, கையில பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கோ. அடுப்புப் பக்கம் வேண்டாம், பேட்டரியிலேருந்து வர்ற வாயு தீப்பிடிக்கும். இந்த பஸ் டிரைவர்கிட்ட ஒரு பொட்டலம் கொடுத்திருக்கேன், ரொட்டிக்குப் போடற சோடா மாவு. தண்ணியில கரைச்சு, பெயின்ட் உதிர்ந்த இடத்துல எல்லாம் ஊத்து. பேட்டரி மேலயும் தடவு, ஆனா மூடி வழியா ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. நுரை வர்ற வரைக்கும் ஊத்திக்கிட்டே இரு. நுரை நின்னா ஆசிட் செத்துப்போச்சுன்னு அர்த்தம். அப்புறம் நல்ல தண்ணி விட்டுக் கழுவி வெயில்ல காயவை.

ஆனா அது ஏன் வெளியே வருதுன்னு தெரியாம கழுவி என்ன பிரயோஜனம்? ஒரு கேள்வி கேட்கறேன், கோவிச்சுக்காதே. பேட்டரி குறையுதுன்னு யாராவது ஆசிட் வாங்கி ஊத்தினாங்களா? பெட்ரோல் பங்க்ல அப்படித்தான் ஊத்துவாங்க. குறையறது தண்ணிதான், ஆசிட் அங்கேயேதான் இருக்கும். இல்லே, மேல் கோட்டைத் தாண்டி ஊத்திட்டியா? இன்னொண்ணு. பெட்ரோல் தீர்ந்தா தோரோமாவுல எல்லாரும் வண்டியைப் பக்கவாட்டுல படுக்க வச்சு, டேங்க்ல அந்தப் பக்கம் கிடக்கற கடைசிச் சொட்டை இந்தப் பக்கம் இறக்குவாங்களே, நீயும் அப்படிப் பண்றியா? வண்டி படுத்தா பேட்டரியும் படுக்கும், உள்ளே இருக்கறது சும்மா இருக்குமா?

பானையைப் பத்தி எழுதினதுக்கு இப்போ பதில் எழுதலை. முதல்ல ஆசிட்டைப் பார்ப்போம்.

எக்வாரு


தோரோமா,
26 பிப்ரவரி 1998

அமுகே அப்பாவுக்கு,

சோடா மாவு வந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே ஊத்தினேன். நீங்க போய் உட்கார்ற எமுரியா வீட்டுக் கள்ளுப் பானையில சுடுதண்ணி ஊத்தினா எப்படிப் பொங்குமோ அப்படிப் பொங்குச்சு. அமுகே கைகொட்டிச் சிரிச்சா. எட்ட நிக்க வச்சேன், கவலைப்படாதீங்க. பெயின்ட் பூரா அட்டை அட்டையா உரிஞ்சு வந்துச்சு. உள்ளே இரும்பு அம்மைத் தழும்பு மாதிரி இருக்கு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு வச்சிருக்கேன்.

உங்க கேள்விக்கெல்லாம் பதில். ஆசிட் யாரும் ஊத்தலை. நான் ஊத்தினது மழைத்தண்ணி, அதுவும் தகரக் கூரையிலேருந்து வழிஞ்சது இல்லை, முற்றத்துல பேசின் வச்சுப் பிடிச்சது. அதை நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க, மறந்துட்டீங்களா? ரெண்டு கோட்டுக்கும் நடுவுலதான் இருக்கு, அதுக்கு மேல ஒரு சொட்டுக்கூட இல்லை. வண்டியைப் படுக்க வைக்கறது நீங்க. எனக்கு பெட்ரோல் எப்போ தீரும்னு தெரியும்.

சும்மா இருக்கப் பிடிக்காம நானே ஒண்ணு பண்ணிப் பார்த்தேன். பழைய செய்தித்தாளைக் கிழிச்சு பேட்டரியைச் சுத்தி நாலு பக்கமும் செருகினேன், அடியிலயும் ஒரு துண்டு விரிச்சேன். அப்படியே மகோரோ வரைக்கும் போயிட்டு வந்தேன். அடியில விரிச்சது ஓரத்துல மட்டும்தான் பழுத்திருந்துச்சு. பக்கத்துல செருகினதுல வலது பக்கத்துக் காகிதம் மேலேருந்து கீழே வரைக்கும் பழுப்பாகி, தொட்டவுடனே பொடியாப் போச்சு. பேட்டரி விரிசல் விட்டிருந்தா அடியில இருக்கறதுதானே முதல்ல நனையணும்? அப்போ ஆசிட் அடியில கசியலை. மேலே மூடி வழியாத்தான் வருது. மூணு மூடியில வலது ஓரத்து மூடி.

நிக்கற வண்டியில வர்றதில்லை, ஓட்டினாத்தான் வருது. அதையும் பார்த்துட்டேன். ராத்திரி பூரா புதுக் காகிதம் வச்சிருந்தேன், காலையில வெள்ளையா இருந்துச்சு.

எமுரியா வந்து எட்டிப் பார்த்துட்டு, "பேட்டரிக்கும் வீட்டுக்காரிக்கு வர்ற மாதிரி கோவம் வந்திருக்கு"ன்னு சொல்லிட்டுப் போறார். அவருக்கு வாய் அதிகம்.

அசெகென்யே


எம்பாலே,
8 மார்ச் 1998

அமுகே அம்மாவுக்கு,

காகிதம் வச்சுப் பார்த்தது எனக்குத் தோணவே இல்லை. இத்தனை வருஷமா ஸ்பேனர் பிடிக்கறேன், வெட்கமா இருக்கு. வன்டெரா இப்போ கராஜ்ல வர்ற வண்டிக்கெல்லாம் காகிதம் செருகிப் பார்க்கறார்.

ஓட்டும்போது மட்டும் வருதுன்னா எனக்கு ஒண்ணு தோணுது. இந்த மாதிரி பழைய ஆறு வோல்ட் வண்டியில ஹெட்லைட் பல்பு ஃபியூஸ் ஆச்சுன்னா, அது தின்ன வேண்டிய கரன்ட்டும் பேட்டரிக்கே போய்ச் சேரும். வயிறு நிறைஞ்சவனுக்கு இன்னும் ஊட்டினா என்ன ஆகும்? உள்ளே கொதிச்சு மூடி வழியாத் துப்பும். பல்பு எரியுதான்னு பாரு. பேட்டரி தொட்டா சுடுதான்னும் பாரு.

வன்டெரா வேற சொல்றார். மூடிக்குக் கீழே இருக்கற ரப்பர் வளையம் செத்துப்போயிருக்கும்ங்கறார். அவரோட கட்சி அது, என் கட்சி பல்பு. எதுக்கும் இருக்கட்டும்னு மூணு புது வளையம் பஸ்ல அனுப்பியிருக்கேன். மாட்டிப் பாரு. வயர் மாட்டற இடத்துல வாஸ்லைன் தடவு. பழைய டியூப் ரப்பரை வெட்டி பேட்டரிக்கு அடியில மெத்தை மாதிரி போடு, அப்போ இரும்புமேல நேரா விழாது. தார் கலந்த கறுப்பு பெயின்ட் கிடைச்சா தட்டுல அடி, சாதாரண பெயின்ட் ஆசிட்டுக்கு முன்னாடி நிக்காது.

இன்னொரு விஷயம். எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். நான் இங்கே எந்தப் பானைகிட்டயும் உட்காரலை. வந்த நாள்லேருந்து இல்லை. நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம்.

எக்வாரு


தோரோமா,
16 மார்ச் 1998

அமுகே அப்பாவுக்கு,

உங்க கட்சியும் தோத்துச்சு, வன்டெரா கட்சியும் தோத்துச்சு.

பல்பு நல்லா எரியுது. பேட்டரி சுடலை. புது வளையம் மூணையும் மாட்டி மூடியை இறுக்கினேன். அதுக்கப்புறம் ஊசி டப்பாவைக் கட்டிக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வந்தேன். வந்து பார்த்தா பேட்டரியோட பக்கவாட்டே லேசா உப்பியிருக்கு. வலது மூடியை மெதுவாத் திருகினேன். ஸ்ஸ்னு சத்தம் வந்துச்சு, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வச்சிருந்தேன், நல்லவேளை.

அப்படியே உட்கார்ந்து யோசிச்சேன். உள்ளே வாயு வருது, நீங்களே எழுதியிருக்கீங்க. வர்ற வாயு வெளியே போக வழி இருக்கணும். வழி இல்லைன்னா ஆசிட்டையும் தள்ளிக்கிட்டு எந்த மூடி லூசோ அது வழியா வரும். மூடியை இறுக்கினா பேட்டரியே உப்பும். அப்போ வழி எங்கே? பேட்டரி பக்கவாட்டுலேருந்து ஒரு குழாய் கிளம்பி, செயினுக்கு அந்தப் பக்கமா தரையைப் பார்க்க இறங்குது.

நீங்க ஆசிட்டைக் கேட்டீங்க, தண்ணியைக் கேட்டீங்க, படுக்க வச்சியான்னு கேட்டீங்க, பல்பைக் கேட்டீங்க. அந்தக் குழாயைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கேட்கலை. ஏன்னு எனக்கு அப்போதான் உறுத்துச்சு.

கழட்டினேன். மேலேருந்து தண்ணி ஊத்தினேன், ஒரு சொட்டுக்கூட இறங்கலை. கீழ்முனையில மண் கெட்டியா அப்பியிருந்துச்சு. கம்பியால சுரண்டினேன். மண்ணுக்குள்ளே புல்லுல பின்னின வடிகட்டி. அஜோன்ல தினை உமி வாயில வராம இருக்க குழாய் அடியில மாட்டுவோமே, அதே வடிகட்டி. அதைச் சுத்தி சிவப்பு நூல். கறுத்துப்போயிருக்கு, ஆனாலும் சிவப்புதான். பத்துக் குழாய் ஒரே பானையில கிடந்தா உங்களோடது எதுன்னு தெரியணும்னு நான் கட்டின நூல் எனக்குத் தெரியாதா?

அதைக் கையில வச்சுக்கிட்டே வீட்டுக்குள்ளே போனேன். மூங்கில் பெட்டியை எடுத்து மறுபடியும் திறந்து பார்த்தேன். காலிதான்.

இது எப்படி வண்டிக்கு வந்துச்சு? எப்போ வந்துச்சு? எழுதுங்க. பல்பு, வளையம்னு சுத்தி வளைக்காம எழுதுங்க.

அசெகென்யே


எம்பாலே,
21 மார்ச் 1998

அசெகென்யே,

சுத்தி வளைக்காம எழுதறேன்.

பேட்டரியோட பழைய குழாய் வெயில்ல காய்ஞ்சு வெடிச்சிருந்துச்சு. உள்ளே குளவி வேற மண் வச்சு கூடு கட்டியிருந்துச்சு. அப்படியே விட்டா செயின்மேல சொட்டும், உன் கால்மேலயும் சொட்டும். கடக்வி வரைக்கும் போய்த் தேடினேன், அந்த அளவுக் குழாய் கிடைக்கலை. வீட்டுக்கு வந்தா என் அஜோன் குழாய் தொங்கிக்கிட்டிருக்கு. கெட்டியான பிளாஸ்டிக், சரியான அளவு. ஏற்கெனவே ரொம்ப நாளா மனசுல ஒரு எண்ணம் ஓடிக்கிட்டிருந்துச்சு, பானையை விட்டுடணும்னு. நீ பேசாம இருந்த ராத்திரிகள்ல எல்லாம் அதைத்தான் நினைப்பேன். சரி, வெட்டிட்டா திரும்ப உறிஞ்ச முடியாதுல்லன்னு வாய்வச்ச பக்கத்தை வெட்டி மாட்டிட்டேன். வடிகட்டியை விட்டது குளவி உள்ளே போகக் கூடாதுன்னு. பெரிய மூளைக்காரன்னு என் முதுகை நானே தட்டிக்கிட்டேன். குளவி போகலை, ஆனா மழைச் சேறு வந்து அப்பிக்கும்னு தோணலை. வன்டெராகிட்ட சொன்னேன். மனுஷன் சிரிச்சு சிரிச்சு கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அப்புறம் என்னைப் பார்த்துட்டு சிரிப்பை நிறுத்திட்டார்.

நான் அதைப் பத்திக் கேட்காததுக்குக் காரணம் இதுதான். அந்த வண்டியில நான் உனக்காகப் பண்ணின ஒரே நல்ல காரியம் அந்தக் குழாய்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அதுல தப்பு இருக்கும்னு நினைக்கவே பிடிக்கலை.

நான் வெட்டினது எந்த நாள் தெரியுமா? நீ எமுரியா வீட்டுக்கு வந்த அதே நாள். காலையில வெட்டினேன், சாயந்திரம் அங்கே போய் உட்கார்ந்தேன். பேச்சுத் துணைக்குத்தான். நீ முற்றத்துல நுழைஞ்சு, அத்தனை பேர் முன்னாடியும், "என்னை எதுக்குக் கட்டினீங்க, இந்தக் குழாயையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தியிருக்கலாமே"ன்னு கேட்டே. எல்லாரும் குழாயை வாயிலேருந்து எடுத்துட்டு என்னையே பார்த்தாங்க. யோசிச்சுப் பாரு. என் கையில குழாய் இருந்துச்சா?

குழாய் இல்லை, வண்டியில மாட்டியிருக்கேன்னு அங்கே சொல்லியிருந்தா இன்னிக்கு வரைக்கும் சிரிச்சுக்கிட்டிருப்பாங்க. சொல்லலை. மறுநாள் பஸ் ஏறிட்டேன்.

இப்போ வண்டி. தட்டுக்குப் பின்னாடி சட்டக் குழாய் இருக்கு பாரு, அதுதான் உன்னையும் ஊசி டப்பாவையும் தாங்கறது. ஒரு ஆணியை வச்சு லேசாத் தட்டிப் பாரு. கிண்ணுன்னு கேட்டா கவலை இல்லை. மந்தமாக் கேட்டாலோ ஆணி உள்ளே இறங்கினாலோ வண்டியைத் தொடாதே. கல் ரோட்டுல பாரத்தோட போகும்போது ஒடிஞ்சா உன்னைத் தூக்க ஆள் இருக்காது. அந்தக் குழாயை வாயில வச்சு ஊதியும் பார்க்காதே, உறிஞ்சியும் பார்க்காதே, ஆசிட் இருக்கும். சரியான டியூப் இந்த பஸ்லயே அனுப்பறேன். வடிகட்டி இல்லாதது.

உனக்கு நல்லது பண்றேன்னு உன் வண்டியையே அரிச்சுத் தின்ன வச்சுட்டேன்.

எக்வாரு


தோரோமா,
30 மார்ச் 1998

அமுகே அப்பாவுக்கு,

உங்க கடிதத்தைப் படிச்ச கையோட எமுரியா வீட்டுக்குப் போனேன். அன்னைக்கு இவர் கையில குழாய் இருந்துச்சான்னு நேரா கேட்டேன். "இல்லையே, சும்மாத்தான் உட்கார்ந்திருந்தான். என்னடா குடிக்கலையான்னு கேட்டதுக்குப் பல்வலின்னான்"ன்னார். பல்வலியாம். இவ்வளவு நாள் என்கிட்ட சொல்லக்கூடாதான்னு எமுரியாவைப் பிடிச்சு ஒரு வாங்கு வாங்கினேன். "நீ கேட்கலையே"ன்னு சொல்லிட்டு மறுபடியும் உறிஞ்ச ஆரம்பிச்சுட்டார்.

கையில குழாய் இல்லை, சரி. வாய் இருந்துச்சுல்ல? நான் கத்தும்போது கூட்டத்துல சொல்ல வேண்டாம், வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே. ராத்திரி முழுக்க ஒரே வீட்டுலதான் இருந்தோம். நான் திரும்பிப் படுத்திருந்தேன், ஆனா தூங்கலை. நீங்களும் தூங்கலைன்னு எனக்குத் தெரியும்.

ஆணி வச்சுத் தட்டினேன். மூணு இடத்துல கிண்ணுன்னுச்சு. தட்டுக்கு நேர் பின்னாடி சத்தமே இல்லை, ஆணி பொத்துன்னு இறங்கிடுச்சு. சுண்டுவிரல் நுனி போற அளவு ஓட்டை. நான் போன வாரம் வரைக்கும் அதுமேலதான் உட்கார்ந்து போயிருக்கேன். வண்டியைக் கழட்டித் தலைகீழாப் புரட்டி முற்றத்துல நிறுத்தியிருக்கேன். ஆபீசர்கிட்ட போய் நடந்ததை நடந்தபடியே சொன்னேன், குழாய் கதையையும் சேர்த்து. சிரிச்சார். சிரிச்சதுல மனசு இளகி, உழவு முடியற வரைக்கும் பக்கத்து ஊரை சைக்கிள்ல பார்த்துக்கோ, தூரத்து ஊரைக் கொஞ்சம் தள்ளிப் போடறேன்னு சொல்லிட்டார். மழை இன்னும் பலமா இறங்கலை, அதுவும் நல்லதாப் போச்சு. அதுக்குள்ளே சட்டத்துக்கு ஒட்டு வச்சு வெல்டிங் அடிச்சாகணும். சொரோட்டியில வெல்டிங் பண்ற ஆள் ஒருத்தர் இருக்கார், வண்டியை அங்கே ஏத்திக்கிட்டுப் போன்னு ஆபீசர் சொன்னார். நான் வேண்டாம்னுட்டேன்.

நீங்க அனுப்பின டியூப் வந்துச்சு. நல்லாத்தான் இருக்கு. அதை அதே டிரைவர்கிட்ட இந்தக் கடிதத்தோட திருப்பி அனுப்பியிருக்கேன். டிரைவர், "என்னம்மா, அளவு சேரலையா"ன்னு கேட்டார். அளவெல்லாம் சரிதான், கொண்டுவந்த ஆள்தான் தப்புன்னு சொன்னேன்.

இதை இன்னொருத்தர் கையில கொடுத்து அனுப்பாதீங்க. நீங்களே கொண்டுவாங்க. வெல்டிங் சாமானும் வன்டெராகிட்ட கேட்டு வாங்கிக்கிட்டு வாங்க.

பஸ் எமுரியா வீட்டுக்கு முன்னாடிதான் நிக்கும்னு உங்களுக்குத் தெரியும். சாயந்திர பஸ்னா பானையைச் சுத்தி எல்லாரும் இருப்பாங்க. அதுக்காக முந்தின ஊர்லயே இறங்கிக் காட்டு வழியா வரணும்னு நினைக்காதீங்க. சாயந்திர பஸ்லயே வாங்க. நான் அங்கே வந்து நிப்பேன். அன்னைக்கு அவங்க அத்தனை பேர் முன்னாடியும் உங்களை ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்வி தப்புன்னு அதே ஆளுங்க முன்னாடி, அதே குரல்ல சொல்லிட்டுத்தான் உங்களை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வருவேன். சிரிக்கறவங்க சிரிச்சுக்கட்டும்.

வண்டி இல்லை, அதனால வீடு வரைக்கும் நடக்கணும். சாமானை ஆளுக்குப் பாதியாத் தூக்கிக்கலாம்.

அசெகென்யே